குப்பை யாருக்குச் சொந்தம்?

கடந்த மாதம் மொனராகலைக்குப் போயிருந்தேன். நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், மலைச்சரிவில் ஓர் இறப்பர்த் தோட்டம். நான் பிறந்த தோட்டம். தங்கையும் அவள் குடும்பமும் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். பஸ்ஸில் வரும்போது வாங்கிய தண்ணீர்ப் போத்தல் காலியாகிக் கையில் இருந்தது. தேநீர் குடித்துவிட்டு, "இதை எங்கே போடுறது?" என்று தங்கையிடம் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எங்கயாவது போடுங்கண்ணே. அந்திக்குக் கொளுத்திடலாம்."

அந்தி சாய்ந்ததும் லயத்தின் பின்புறம் நாலைந்து இடங்களில் புகை எழுந்தது. பொலித்தீன் எரியும் நெடி காம்பராவுக்குள் வந்து தொண்டையைக் கட்டியது. பிள்ளைகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பழகிப்போயிருந்தது. எனக்கு மட்டும்தான் இருமல் வந்தது.

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் இருக்கிறேன். குப்பையைப் பற்றி நான் எழுதாதவன் அல்லன். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது நாட்கணக்கில் அதைப் பற்றி எழுதினேன். மாநகரத்தின் குப்பை ஏழைகளின் வீட்டின்மேல் விழுந்தது என்று அப்போது நான் எழுதிய வரியைப் பல நண்பர்கள் பாராட்டினார்கள். ஆனால் என் தங்கை வீட்டின் பின்புறத்தைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதியதில்லை. சரிந்து விழாத குப்பை செய்தியாவதில்லை.

என் சிறுபிராயத்தில் எங்கள் லயத்தில் குப்பை என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. எறிவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை என்பதே காரணம். 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை எப்படி உலுக்கியது என்பதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் எதையும் லேசில் எறிய மாட்டார்கள். பால்மா டின் தண்ணீர் மொள்ளும் குவளையாகும். மாவுச் சாக்கு தலையணை உறையாகும். பழைய பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தச் சுவரில்தான். மிஞ்சியது அடுப்புச் சாம்பலும் மரக்கறித் தோலும் கோழி எச்சமும். அவற்றையும் லயத்துக் கானில் சேரும் அழுக்கையும் அள்ளிப்போக ஒருவர் இருந்தார்.

அவரை எல்லோரும் 'வாசக்கூட்டி' என்றுதான் அழைத்தார்கள்.

மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். வாசல் கூட்டுபவர் என்பதே வாசக்கூட்டி ஆயிற்று. லயங்களைச் சுற்றிக் கூட்டுவது, கான்களைத் துப்புரவாக்குவது, மலசலகூடங்களைக் கழுவுவது எல்லாம் அவரது வேலை. தோட்ட நிர்வாகம் செக்றோலில் பெயர் பதிந்து சம்பளம் கொடுக்கும் வேலைதான். இருந்தாலும் அந்த வேலைக்கு யார் எடுக்கப்படுவார் என்பதைச் சாதியே தீர்மானித்தது. அவரது காம்பரா கடைசி லயத்தின் கடைசிக் காம்பரா.

இறப்பர்த் தோட்டங்களில் பால் பிடிப்பதற்குத் தேங்காய்ச் சிரட்டையை மரத்தில் கட்டுவார்கள். எங்கள் வீட்டுக் கூரை இறவாணத்திலும் ஒரு சிரட்டை செருகப்பட்டிருந்தது. அது பால் பிடிப்பதற்கானது அல்ல. வாசக்கூட்டி வேலை முடித்து வந்து வாசலுக்கு வெளியே நிற்கும்போது அதில்தான் அவருக்குத் தேநீர் ஊற்றப்படும். குடித்துவிட்டு அவரே பீலியில் கழுவி, அவரே இறவாணத்தில் செருகிவிட்டுப் போவார். பல நாட்கள் அந்தத் தேநீரை ஊற்றியவன் நான். சிரட்டையில் கை படாமல் உயரத் தூக்கி ஊற்ற வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஞாபகம் இல்லை. பார்த்துப் பழகியிருந்தேன். எங்கள் வீடும் செல்வந்த வீடு அல்ல. என் அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. துரை பங்களாவின் முன்வாசலை அவர் வாழ்நாளில் மிதித்ததில்லை. அப்படிப்பட்ட எங்களுக்கும் கீழே ஒருவர் தேவைப்பட்டார்.

தோட்டங்களில் மட்டுமல்ல. கொழும்பு, கண்டி போன்ற நகரங்களைக் கூட்டிப் பெருக்குவதற்கும் பிரித்தானியர் தமிழ்நாட்டிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கொண்டுவந்தனர். கண்டி மகியாவையில் அவர்களது சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள். நகரசுத்தித் தொழிலாளர் என்று நாகரிகமான பெயர் பின்னர் வந்தது. பெயர் மாறிய அளவுக்கு வேலை கைமாறவில்லை. நாட்டின் நகரங்களைச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். ஆனால் தமிழர்கள் வாழும் லயங்களுக்குக் குப்பை வண்டி வந்ததில்லை. இந்த முரணைப் பல மேடைகளில் நான் பேசியிருக்கிறேன். சிரட்டையைப் பற்றி எந்த மேடையிலும் பேசியதில்லை.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதன் பிறகு எங்கள் தோட்டத்தில் அந்த வேலை மெல்ல மெல்ல இல்லாமற் போயிற்று. முதலில் இருவர் ஒருவரானார். பின்பு அந்த ஒருவரும் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதிலாக எவரும் எடுக்கப்படவில்லை. அதே காலத்தில்தான் தோட்டத்துக் கடைக்கு ஷாம்பு சாசே, பிஸ்கட் உறை, யோகட் கோப்பை, 'ஷொப்பிங் பேக்' எல்லாம் வந்து சேர்ந்தன. அள்ளுவதற்கு ஆள் இருந்த காலத்தில் குப்பை இல்லை. குப்பை வந்த காலத்தில் அள்ள ஆள் இல்லை.

அப்படியானால் பிரதேச சபை என்ன செய்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், வீதிகளைத் துப்புரவாக்குவதும் வீட்டுக் குப்பையை அகற்றுவதும் சபையின் கடமை என்று 93ஆம் பிரிவு கூறுகிறது. அப்படிச் சேகரிக்கப்படும் குப்பை சபையின் சொத்து என்று அடுத்த பிரிவு கூறுகிறது. குப்பைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு என்று சட்டமே சொல்வது முதன்முதலாக வாசித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குக் குறுக்கே நின்றது. தோட்டம் தனியாருக்குரிய நிலம். ஆகவே சபையின் நிதியை அங்கே செலவிட முடியாது என்பதே அதன் நடைமுறை விளக்கமாயிற்று. பாதை போட முடியாது. விளக்குப் போட முடியாது. குப்பை அள்ள முடியாது. வாக்குக் கேட்டு மட்டும் வரலாம்!

இது புதிய கதை அல்ல. 1930களின் பிற்பகுதியிலேயே கிராமச் சபை வாக்குரிமையிலிருந்து தோட்டத்து இந்தியத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. பிரஜாவுரிமைப் பிரச்சினை பல ஒப்பந்தங்களுக்கும் சட்டங்களுக்கும் பிறகு 2003இல்தான் முடிவுக்கு வந்தது. ஆளுக்கு உரிமை கிடைத்த பின்பும் அவர் வீட்டுக் குப்பைக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018இல் நாடாளுமன்றம் பிரதேச சபைகள் சட்டத்தைத் திருத்தி, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை வழங்கலாம் என்று வழி திறந்தது.

அந்த வழி திறப்பதற்கு ஒரு வருடம் முன்பு நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2017 இலங்கை வரலாறு காணாத டெங்கு ஆண்டு. நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. தங்கையின் மகளுக்கும் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் குருதிச் சிறுதட்டுக்கள் மளமளவென்று இறங்க, நான் கொழும்பிலிருந்து இரவோடிரவாக ஓடினேன். வைத்தியசாலையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டாள். அவள் வீடு திரும்பிய வாரம் அதிகாரி ஒருவர் லயத்துக்கு வந்து, காம்பராவின் பின்னே கிடந்த யோகட் கோப்பைகளிலும் ரயர் ஒன்றிலும் நுளம்புக் குடம்பிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார். வழக்குப் போடப்படும் என்று எச்சரித்தார். தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "எங்க சார் கொண்டுபோய்ப் போடட்டும்?" அவரிடம் பதில் இல்லை. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருந்தது எச்சரிக்கைப் படிவம். குப்பை வண்டி அல்ல.

லயத்துக்குக் கீழே ஓர் ஓடை ஓடுகிறது. எரியாத குப்பை மழைக்காலத்தில் அதில்தான் போகிறது. எங்கள் பக்கத்து ஓடைகள் கும்புக்கன் ஓயாவில் சேர்கின்றன. கும்புக்கன் ஓயா குமனைக் காட்டின் ஓரமாகச் சென்று கடலில் விழுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இந்த ஆறு தெரியும். உகந்தை முருகனைத் தரிசித்துக் காட்டுக்குள் நுழைந்தால் கடக்க வேண்டிய ஆறு அது. 'அரோகரா' சொல்லி அதில் இறங்கி நீராடும் அடியார்களின் காலில் தட்டுப்படும் ஷாம்பு உறை என் தங்கை வீட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அடியார்கள் தாமே விட்டுச்செல்லும் தண்ணீர்ப் போத்தல்களும் உண்டு என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையான பத்திரிகைக்காரன் அல்லன்.

மனிதர் மட்டும் பாதிக்கப்பட்டாலாவது நாம் செய்த வினை என்று இருந்துவிடலாம். எங்கள் மாவட்டத்தை அடுத்துள்ள அம்பாறையில், பள்ளக்காடு என்னும் இடத்திலுள்ள திறந்த குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் வரையில் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உணவின் வாசனை ஒட்டியிருக்கும் உறையை யானை உறையோடு விழுங்கிவிடுகிறது. அது குடலை அடைத்துவிடுகிறது. பின்பு யானையால் தின்னவும் முடியாது, குடிக்கவும் முடியாது. அவ்வளவு பெரிய உடம்பு பட்டினியால் வீழ்கிறது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017 செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனும் லன்ச் சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் அப்போதே தடையாயிற்று. 2021இல் சிறிய சாசேக்கள் சிலவற்றுக்கும், 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு போன்றவற்றுக்கும் தடை வந்தது. ஆக, என் தங்கை ஒவ்வொரு அந்தியிலும் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறாள். வேறு வழி காட்டாமல் போடும் தடை ஏழையைக் குற்றவாளியாக்குவதோடு நின்றுவிடுகிறது.

எங்கள் தோட்டத்தில் மீள்சுழற்சி என்று ஒன்று இருந்தால் அது மாதம் ஒருமுறை லொறியில் வரும் பழைய இரும்பு வியாபாரிதான். போத்தல், தகரம், காட்போட் மட்டை, தடித்த பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நிறுத்து எடுப்பார். பிஸ்கட் உறையையும் பொலித்தீன் பையையும் தொடமாட்டார். அவற்றில் எடையும் இல்லை, விலையும் இல்லை. பெறுமதி உள்ள குப்பைக்கு ஆள் வருகிறது. பெறுமதி இல்லாத குப்பைக்குத்தான் அரசு வேண்டும். உள்ளூராட்சி என்பதன் பொருளை எனக்கு இத்தனை எளிதாக எந்த நூலும் விளக்கியதில்லை.

இத்தனைக்கும் இது தீர்க்க முடியாத பிரச்சினை அல்ல. இந்த நாட்டுக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது மக்கிப்போகக்கூடியது. அதைத் தனியாகப் பிரித்தால் பசளையாக்கலாம். 2008இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆரம்பித்த 'பிலிசரு' திட்டத்தின்கீழ்ப் பல உள்ளூராட்சி மன்றங்களில் கூட்டெரு நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டபோது, நாடு முழுவதும் கூட்டெருவைத் தேடி அலைந்தது. அந்த ஆண்டு முடியுமுன்பே தடை நீக்கப்பட்டது, கூட்டெருவும் மறக்கப்பட்டது. லயத்துக்குப் பின்னால் மரக்கறி நடும் துண்டு நிலம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. மரக்கறித் தோலை அங்கேயே குழியில் போட்டு மூடிவிட்டால், எஞ்சுவது வாரத்துக்கு ஒரு பை உறைகளும் பைகளும் மட்டுமே. அந்த ஒரு பையை யார் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியோடுதான் இம்முறை தோட்டத்துக் கோயில் முன்றலில் ஒரு கூட்டம் நடந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் அதிகாரிகளின் கீழ் அவை இயங்கின. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகுதான் கேட்பதற்கு ஓர் உறுப்பினர் கிடைத்தார். அவரும் பேசிப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமைகளில் உழவு இயந்திரம் பிரதான வீதியில் தோட்டத்துச் சந்திவரை வரும்; லயத்துக்கு ஏறி வர எரிபொருளும் இல்லை, ஆளும் இல்லை; குப்பையைக் கட்டிச் சந்திக்குக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வோம் என்று சபை இணங்கியிருந்தது. முக்கால் வெற்றி என்று நினைத்தேன்.

ஆனால் கூட்டத்தில் மௌனம் நிலவியது. பொடியன்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "கடைசி லயத்தில அவங்கட பேரன் சும்மாதானே இருக்கான். மாசம் வீட்டுக்கு நூறு ரூபா போட்டுக் குடுத்தா..."

பலர் தலையாட்டினார்கள். அந்தப் பேரனும் அங்கேதான் நின்றிருந்தான். உயர்தரம் படித்தவன். அவன் கோபப்படவில்லை. "எங்க தாத்தா அள்ளினது போதும் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலைந்து போனான்.

கம்பனியைக் கேட்டோம், சபையைக் கேட்டோம், சட்டத்தைக் கேட்டோம். எல்லாக் கேள்வியும் நியாயமானதே. அவற்றை இனியும் கேட்போம். ஆனால் நம் வீட்டுக் குப்பையைத் தொடுவது இன்னொரு சாதியின் வேலை என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கும்வரை, எந்தத் திருத்தச் சட்டமும் கடைசி லயத்தைத் தாண்டி மேலே ஏறாது. 33ஆம் பிரிவை நாடாளுமன்றம் திருத்திவிட்டது. எங்கள் இறவாணத்தில் செருகியிருந்த சிரட்டையைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு இல்லை.

அன்றிரவு தங்கையிடம் கேட்டேன்: "அந்தத் தாத்தாவோட பேரு என்ன?" அவளுக்குத் தெரியவில்லை. மச்சானுக்கும் தெரியவில்லை. நான் தேநீர் ஊற்றியிருக்கிறேன், எனக்கும் தெரியவில்லை. செய்தியில் வரும் ஒவ்வொருவரின் பெயரையும் முதலில் கேட்டுக் குறித்துக்கொள் என்று இளம் நிருபர்களுக்கு இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

சனிக்கிழமை காலையில் தங்கையும் இன்னும் மூன்று பெண்களும் பசளைச் சாக்குகளில் குப்பையைக் கட்டினார்கள். கொழுந்துக் கூடையும் விறகும் சுமந்த தோள்களுக்கு அது பாரமே அல்ல. நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டேன். இஸ்தோப்புகளில் நின்றவர்கள் பார்த்த பார்வை முதுகில் குறுகுறுத்தது. 'கொழும்பில் பேப்பரில் இருக்கிறவர்' குப்பைச் சாக்கோடு போகிறார்! உண்மையைச் சொன்னால் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கடைசி லயத்தை அடைந்ததும் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கடைசிக் காம்பராவின் வாசலில் நின்றேன். பேரனின் தாயார் வெளியே வந்தார். தாத்தாவின் பெயரைக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்பதுபோல் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். அழகான முருகன் பெயர். அதை இங்கே எழுதுவதற்கு நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, ஆகையால் எழுதவில்லை.

சந்தியில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். உழவு இயந்திரம் வரவில்லை. சாக்குகளை மதகோரம் அடுக்கிவிட்டுத் திரும்பினோம். இரவில் நாய்கள் கிழித்துப் போட்டன. ஞாயிறு காலையில் பெண்கள் போய் மறுபடி அள்ளிக் கட்டினார்கள். நான் கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

நேற்றுச் சனிக்கிழமை தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "இன்னைக்கு வந்துச்சுண்ணே" என்றாள். ஏழு சாக்குகள் போயினவாம். போன வாரம் ஐந்து. புதிதாக இரண்டு வீட்டார் சேர்ந்திருக்கிறார்கள்.

"அந்தப் பேரன்?"

"அவன் வரல. நாங்க கூப்பிடவும் இல்ல" என்றாள் தங்கை.